சுகிர்தாவைக் கண்டால் நிற்கும் பிரஸ்

தகடு வளைக்கும் அந்த பிரஸ் மிஷின் சுகிர்தாவைக் கண்டால் நின்றுவிடுகிறது என்று முதலில் சொன்னவள், கூட வேலை செய்யும் பவளம். விளையாட்டாகத்தான் சொன்னாள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஷெட் முழுக்க அந்தப் பேச்சு பரவியது. சாயங்காலம் கம்பெனி வேன் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்களை இறக்கிவிட்டபோது யாரும் அதைச் சொல்லிச் சிரிக்கவில்லை.

சுகிர்தாவுக்கு நாற்பதை நெருங்கும் வயது. சாலவாக்கம் சாலையில் ஏரிக்கரையை ஒட்டிய காலனியில் வீடு. புருஷன் பீட்டர் கொத்தனார். ஒரே மகள் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்தாள். சுகிர்தாவின் அப்பா அம்மா காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுக் களை பறித்தவர்கள். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் சுகிர்தா அந்த வழியை விட்டு, காஞ்சிபுரம் சாலையில் இருந்த இரும்பு ஷெட்டுக்கு வேலைக்குப் போனாள். கார் சீட்டுக்கு அடியில் வரும் கொக்கிகளும் பட்டைகளும் அங்கே தயாராயின. வெறும் தகட்டை பிரஸ்ஸுக்கு நடுவில் இருக்கும் இரும்பு அச்சில் வைக்க வேண்டும். அச்சுக்கு அங்கே டை என்று பெயர். காலால் பெடலை மிதித்தால் மேலே தொங்கும் பாளம் இறங்கி அடித்துவிட்டு ஏறும். தகடு கொக்கியாகியிருக்கும். எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தகடு.

வேலையில் அவள் கெட்டிக்காரி. பாளம் ஏறுவதைப் பார்க்காமல், சத்தத்தைக் கேட்டே கையை விட்டு எடுக்கப் பழகியிருந்தாள். ஒருநாள் தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. நேராக்குவதற்கு இடது கையை நீட்டினாள். கால் எப்போது பெடலில் அழுந்தியது என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. சத்தத்தில்கூட வித்தியாசம் இல்லை. எப்போதும்போல இறங்கியது, எப்போதும்போல ஏறியது. தகட்டைப் பார்த்தாள். அது சரியாகத்தான் வளைந்திருந்தது. அதற்குப் பிறகுதான் கையைப் பார்த்தாள்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயிருந்தன.

ஆஸ்பத்திரியில் தையல் ஆறி வீட்டுக்கு வந்த பிறகு அந்த இரண்டு விரல்களும் திரும்பி வந்தன. அப்படித்தான் அவள் சொன்னாள். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கும். தகட்டைப் பிடித்த மேனிக்கே மடங்கி, இறுகி, நகம் உள்ளங்கையில் பதிந்தபடி இருக்கும். விரிக்க முடியாது. அரிசி களையும்போது, சட்டை பிழியும்போது, ஜெபத்துக்குக் கை குவிக்கும்போது நகம் இன்னும் ஆழமாக இறங்கும். உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தால் ஒரு கீறல்கூட இருக்காது.

பீட்டரிடம் சொன்னாள். அவன் சர்ச்சுக்கு அழைத்துப்போய் பாஸ்டரிடம் ஜெபிக்கச் சொன்னான். ஆஸ்பத்திரி டாக்டர், "போகப் போகச் சரியாயிடும்" என்றார். பக்கத்து வீட்டுக்காரி மட்டும் வெளிப்படையாகக் கேட்டாள்: "இல்லாத வெரலு எப்பிடிமே வலிக்கும்?" அதற்குப் பிறகு சுகிர்தா யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டாள். பீட்டர் அந்தக் கையைத் தொடுவதை நிறுத்திவிட்டான். வெறுப்பு ஒன்றும் இல்லை. அங்கே தன் கண்ணுக்குத் தெரியாத எதையோ தொட்டுவிடுவோமோ என்று அவன் பயந்தான்.

கம்பெனி அவளை வெளியே அனுப்பவில்லை. கொக்கிகளைப் பிசிறு தட்டி, எண்ணெய் துடைத்து, பெட்டியில் அடுக்கும் வேலை கொடுத்தார்கள். அந்த மேஜை ஷெட்டின் ஓரத்தில் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் அவளுடைய பழைய பிரஸ்ஸின் முதுகு தெரியும். அந்தப் பக்கம் அவள் போகவே மாட்டாள். சுற்றுவழியாகப் போய்த் தண்ணீர் குடிப்பாள். இப்படி எட்டு ஒன்பது வருஷம் போயிற்று.

பிறகு கேமராக்கள் வந்தன. கொக்கிகளை வாங்கும் கார் கம்பெனிக்காரர்கள் ஷெட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இனி ஒரு விரல் போனாலும் ஆர்டர் கிடையாது என்று சொல்லிவிட்டார்களாம். முதலாளி பழைய பிரஸ்களுக்குக் காற்றுப் பிரேக் மாட்டினார். ஒவ்வொரு டைக்கும் மேலே தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புக் கண் வைக்கப்பட்டது. டையைச் சுற்றி மஞ்சள் கோடு ஒன்று பெயிண்டால் போட்டார்கள். கோட்டைத் தாண்டிக் கை உள்ளே இருந்தால் பிரஸ் இறங்காது. இறங்கிக்கொண்டிருந்தால் நடுவிலேயே நின்றுவிடும்.

பெண்களுக்குக் கேமரா என்றதும் கோபம். அதை மாட்ட வந்த இன்ஜினியர் வினோத்குமார் ஏனாத்தூர் காலேஜில் படித்தவன், காஞ்சிபுரத்துப் பையன். அவர்களைக் கூட்டி வைத்துப் பேசினான்.

"இது உங்களப் படம் புடிக்கிற கேமரா இல்லக்கா. மத்த கேமரா படத்த எடுத்து ஒயர் வழியா கம்ப்யூட்டருக்கு அனுப்பணும். அது பாத்து, யோசிச்சு, பதில் சொல்லணும். அதுக்குள்ள பிரஸ் கீழ வந்துரும். இதுல பாக்குற சிப்பு, அந்தச் சில்லுக்குள்ளயே யோசனையும் நடந்துரும். ஒரு செகண்டுக்கு ஆயிரம் தபா பாக்கும். பாத்தத அங்கயே தூக்கிப் போட்டுரும். வெளிய வர்றது ரெண்டே வார்த்தை. போ, இல்லன்னா நில்லு."

"அப்போ எங்க மூஞ்சி அதுக்குத் தெரியாதா?" என்றாள் பவளம்.

"கைய மட்டுந்தான் தெரியும். யார் கைன்னுகூட தெரியாது."

ஆடி மாதம் வந்தது. ஊரெல்லாம் கூழ் ஊற்றும் சமயம், பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. சூப்பர்வைசர் கன்னியப்பன் சுகிர்தாவின் மேஜைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார்.

"ஒரே ஒரு ஷிப்ட்டும்மா. இப்போதான் அது கடிக்காதே. கேமரா கீதுல்ல."

காலியாக இருந்தது அவளுடைய பழைய பிரஸ்தான். மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தாள். ஆனால் எத்தனை நாளைக்குச் சுற்றுவழியாகப் போய்த் தண்ணீர் குடிப்பது என்றும் தோன்றியது. போய் உட்கார்ந்தாள். வலது கையால் தகட்டை வைத்தாள். இடது கையை மஞ்சள் கோட்டுக்கு வெளியே, கோட்டை ஒட்டி வைத்துக்கொண்டாள். பெடலை மிதித்தாள்.

பாளம் கொஞ்சம் அசைந்து, புஸ்ஸென்று காற்று விட்டு நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

மறுபடி மிதித்தாள். மறுபடி நின்றது.

கன்னியப்பன் ஓடிவந்தார். "கைய உள்ள வுட்டுக்கினு மிதிச்சா நிக்கத்தாம்மா செய்யும்."

"கை வெளிய கீது அண்ணா. நீங்களே பாருங்க."

பார்த்தார். வெளியேதான் இருந்தது. பவளத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பவளம் தன் விரல் நுனிகளைக் கோட்டுக்கு வெளியே வைத்துக்கொண்டு மிதித்தாள். பிரஸ் ஒழுங்காக இறங்கி ஏறியது. தகடு தகடாக அடித்துப் போட்டாள். மீண்டும் சுகிர்தா உட்கார்ந்தாள். நின்றது.

"அக்கா, அது உன்னப் பாத்து பயந்துக்கினு கீதுக்கா" என்று பவளம் சிரித்தாள். "ஒரு தபா கடிச்சிது. மறுபடி கடிக்க அதுக்கே மனசு வரல."

சிரிப்பு அன்றைக்கே போய்விட்டது. அடுத்த நாள் காலையில் யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி பிரஸ்ஸின் மூலைகளில் வைத்திருந்தார்கள். ரத்தம் பார்த்த இரும்பு, ஆளை அடையாளம் வைத்திருக்கிறது என்று பேசினார்கள். அவளைத் திரும்பவும் உட்கார வைத்துப் பார்த்தபோது, மற்ற மிஷின்களில் இருந்தவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தார்கள். பாளம் அசைந்தது, நின்றது. 

சுகிர்தா ஜெபமாலை உருட்டுகிறவள் இல்லை, எலுமிச்சம்பழத்தை நம்புகிறவளும் இல்லை. ஆனாலும் அந்த இரும்புக்கு எதிரே உட்கார்ந்திருக்கும்போது, அது தன்னைத் தெரிந்து வைத்திருக்கிறது என்று அவளுக்கும் பட்டது. அதைவிடப் பழைய ஒரு கேள்வி மேலே எழுந்து வந்தது. டீ நேரத்தில் கன்னியப்பனைத் தனியாகப் பிடித்தாள்.

"அண்ணா, அன்னிக்கு என் வெரல இன்னா பண்ணீங்க?"

அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "இப்போ எதுக்கும்மா அது?"

"சொல்லுங்க."

"ஒண்ணத் துணியில சுத்தி எடுத்தாந்தேன். நசுங்கிப் போச்சு, ஒட்ட வைக்க முடியாதுன்னுட்டாரு டாக்டரு. ஆஸ்பத்திரியிலயே வாங்கி வச்சுக்கினாங்க." அவர் நிறுத்தினார். "இன்னொண்ணு கெடைக்கல. வெட்டுத் தகடு விழுற தொட்டியில விழுந்திருக்கும். உன்ன ஆஸ்பத்திரியில சேத்துட்டுத் திரும்பி வந்து தேடினேன். அதுக்குள்ள ஸ்கிராப் லாரி வந்து எல்லாத்தையும் அள்ளிக்கினு பூட்டுது."

ஸ்கிராப் எங்கே போகும் என்று சுகிர்தாவுக்குத் தெரியும். உலைக்குப் போகும். உருகும். மறுபடியும் தகடாகும். அன்றைக்குத் திரும்பிப் போய் மேஜையில் உட்கார்ந்தவள், அடுக்கி வைத்திருந்த கொக்கிகளை வெகுநேரம் தொடாமல் இருந்தாள்.

கன்னியப்பன் சொல்லி அனுப்பி, வினோத்குமார் லேப்டாப்போடு வந்தான். எலுமிச்சம்பழத்தைப் பார்த்துவிட்டு நகர்த்தி வைத்தான். கேமராக் கண்ணிலிருந்து ஒரு ஒயரை எடுத்து லேப்டாப்பில் சொருகினான்.

"படம் வராதுக்கா. அதுக்குக் கை எப்பிடித் தெரியுதோ அது மட்டும் கோடாத் தெரியும். நீங்க எப்பவும் வைக்கிற மாதிரியே கைய வைங்க."

அவள் இடது கையை வைத்தாள். திரை கறுப்பாக இருந்தது. அதில் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. புள்ளிகளை இணைத்து மெல்லிய கோடுகள். மார்கழியில் தெருவில் போடும் புள்ளிக் கோலம்போல ஒரு கை. மணிக்கட்டு, கட்டை விரல், மோதிர விரல், சுண்டு விரல். அவற்றுக்கு நடுவே ஆள்காட்டி விரலும் நடுவிரலும். நேராக, நீளமாக, மஞ்சள் கோட்டைத் தாண்டி டைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன.

சுகிர்தா தன் கையைப் பார்த்தாள். அங்கே இரண்டு மொட்டைத் தழும்புகள். திரையைப் பார்த்தாள். ஐந்து விரல்.

பின்னால் நின்ற பவளம் "ஏசப்பா" என்றாள். அவள் ஒருநாளும் சர்ச் வாசலை மிதித்தவள் இல்லை.

வினோத்குமார் தலையைச் சொறிந்தான். "ஓ... இதானா. பயப்படாதீங்கக்கா, இது ஒண்ணும் இல்ல. லட்சக்கணக்கான கைங்கள காட்டித்தான் இதுக்குக் கைன்னா இன்னான்னு பழக்கியிருக்காங்க. எல்லாம் முழுக் கை. உங்கள மாதிரிக் கைய அது பாத்ததே இல்ல. அதனால, ரெண்டு வெரலு எதுக்கோ பின்னாடி மறைஞ்சிருக்குன்னு நெனச்சுக்கினு, இருக்க வேண்டிய எடத்துல அதுவா போட்டுக்குது. போட்ட வெரலு கோட்டத் தாண்டுது. அதான் நிறுத்துது."

அவன் சொன்னது அவளுக்குப் புரிந்தது. ஆனால் அவள் அவனைக் கவனிக்கவில்லை. கையை மெதுவாக அசைத்தாள். திரையில் ஐந்து விரலும் அசைந்தன. மணிக்கட்டைத் திருப்பினாள். அந்த இரண்டும் கூடவே திரும்பின, பக்கத்து விரலோடு பழகின விரல்கள் திரும்புவதுபோலவே. விரித்தே இருந்தன. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டே, அத்தனை வருஷமாகச் செய்து தோற்றுப்போன காரியத்தை ஒருமுறை செய்து பார்த்தாள். விரல்களை விரித்தாள்.

நகம் உள்ளங்கையை விட்டு எழுந்தது.

 முதலில் நடுவிரல், பிறகு ஆள்காட்டி விரல். நீண்டநேரம் மடித்து உட்கார்ந்த காலை நீட்டும்போது வருமே, அந்தக் குறுகுறுப்பு விரலே இல்லாத காற்றில் ஓடியது. இறுக்கம் விட்டது. வலி இல்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடுவது அவளுக்குத் தெரியவில்லை. வினோத்குமார் பார்த்துவிட்டு லேப்டாப்பை மூடப் போனான்.

"வேணாம் தம்பி" என்றாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

அன்று வீட்டில் பீட்டருக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "இன்னிக்கு என் வெரலுங்களப் பாத்தேன்."

அவன் கை தட்டில் நின்றது. "இன்னாமே சொல்ற?"

நடந்ததைச் சொன்னாள். முழுதும் கேட்டான். "நீ நாளையிலேர்ந்து போவ வேணாம்" என்றான். "செத்தது செத்ததுதான். அத எயுப்பிக் காட்ற எடம் நமக்கு வேணாம்."

"வலி நின்னுட்டுதுங்க."

"அதுக்குத்தான் எனக்கு பயமா கீது" என்றான் பீட்டர். சாப்பிடாமல் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டான். கண்ணுக்குத் தெரியாத ஒன்றோடு ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தவன். அது உண்மையில் இருந்தது என்று இப்போது ஒரு மிஷின் சாட்சி சொல்லியிருக்கிறது.

அவள் அடுத்த நாளும் போனாள்.

சரிசெய்வதற்கு வினோத்குமாருக்கு அவளுடைய கை வேண்டியிருந்தது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அந்தக் கண்ணுக்குக் கீழே கையை வைப்பாள். திருப்புவாள், மடக்குவாள், தகட்டைப் பிடிப்பாள், கையுறை போடுவாள், கழற்றுவாள். அதற்காக மட்டும் அந்தச் சில்லு தான் பார்ப்பதை வெளியே விடும்படி அவன் மாற்றி வைத்திருந்தான். சேர்ந்ததையெல்லாம் அவன் சென்னையில் இருக்கும் ஆபீசுக்கு அனுப்புவான். அங்கே அதற்குப் புதுப் பாடம் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். இவன் அதைக் கண்ணுக்குள் ஏற்றுவான். அவள் திரையைப் பார்ப்பாள்.

முதல் பாடத்தில் பெரிய மாற்றம் இல்லை. இரண்டாவது பாடத்தில் நடுவிரல் மினுக்க ஆரம்பித்தது. இருக்கும், போகும், மறுபடி வரும். அது மினுக்கும்போது அவளுக்கு விரலின் அடியில் யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல இருந்தது. கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"தம்பி, இத அப்பிடியே வுட்டா இன்னா? நான் திரும்ப மேஜைக்கே பூட்றேன். பிரஸ்ல வேற யாராச்சும் ஒக்காரட்டும்."

வினோத்குமார் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தான். அவன் கெட்டவன் இல்லை.

"அக்கா, மேஜைக்குப் போனாலும் என்னிக்காச்சும் நீங்க இங்க வந்து கைய வைப்பீங்க. அந்நேரம் பக்கத்துல இன்னொருத்தர் நின்னுக்கினு கைய வச்சா, எது யாரோட வெரலுன்னு இது தப்பாப் போட்டுக்கலாம். அப்போ நிக்க வேண்டிய எடத்துல நிக்காது. தெரிஞ்சுக்கினே அத வுட என்னால முடியாது." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "அதுவும் இல்லாம, இது பாக்குறது உங்க கைய இல்லக்கா. இது பாத்த எல்லார் கையையும் சேத்து ஒரு கைய வச்சிருக்குது. அதுலேர்ந்து ரெண்டு வெரல எடுத்து உங்களுக்குப் போடுது. அவ்வளவுதான்."

"அப்போ அந்த வெரலு யாருது?"

"யாருதும் இல்ல."

அந்தப் பதில் அவளை விட்டுப் போகவில்லை. வேனில் போகும்போது மற்றவர்கள் கைகளைப் பார்த்துக்கொண்டே போனாள். லட்சம் பேர் எங்கெங்கோ தங்கள் கையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களில் உயிரோடு இல்லாதவர்களும் இருப்பார்கள். அவர்களுடைய விரல் தன் கையில் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் தான் அசைத்தபோதுதானே அது அசைந்தது? தன்னுடைய வலியைத்தானே அது அவிழ்த்தது?

கடைசிப் பாடம் வந்த அன்று, ஏற்றுவதற்கு முன்னால் அவள் கேட்டாள்: "பழசுல ஒரே ஒரு தபா பாத்துக்கட்டுமா?"

அவன் பழையதைப் போட்டுக் கொடுத்துவிட்டு, கன்னியப்பனையும் அழைத்துக்கொண்டு வெளியே போனான். சாப்பாட்டு நேரம், ஷெட்டில் மிஷின்கள் ஓடவில்லை. கூரைத் தகரம் வெயிலில் படபடத்தது.

சுகிர்தா இடது கையைக் கண்ணுக்குக் கீழே வைத்தாள். ஐந்து விரலும் வந்தன. வலது கையையும் கொண்டுவந்தாள். திரையில் இப்போது இரண்டு கைகள். வலது கை விரல்களை மெல்ல நகர்த்தி, வெறும் காற்றில், திரையைப் பார்த்தே இடம் கண்டுபிடித்து, அந்த ஆள்காட்டி விரலைப் பிடித்தாள். கையில் ஒன்றும் படவில்லை. ஆனால் பிடிபட்ட விரலுக்குத் தெரிந்தது. சூடான கை ஒன்று தன்னைப் பிடித்திருப்பது அதற்குத் தெரிந்தது. நடுவிரலையும் பிடித்தாள். ஒவ்வொரு கணுவாக அமுக்கிவிட்டாள், காய்ச்சலில் கிடக்கும் மகளுக்கு அமுக்கிவிடுவதுபோல. பிறகு கையை எடுத்துக்கொண்டு அவளே போய் வினோத்குமாரைக் கூப்பிட்டாள்.

புதியது ஏறியது. திரையில் ஒரு கை வந்தது. கட்டை விரல், மோதிர விரல், சுண்டு விரல். நடுவே இரண்டு குட்டைப் புள்ளிகள், அவற்றோடு முடிந்துவிட்டது. மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒன்றும் இல்லை.

"இதான் உங்க கைக்கா" என்றான் வினோத்குமார்.

பெடலை மிதித்தாள். பாளம் இறங்கி அடித்து ஏறியது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். பவளம் மீதமிருந்த எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கித் தொட்டியில் போட்டாள். அன்றைக்கு மாலைவரை சுகிர்தா அந்த பிரஸ்ஸில் வேலை செய்தாள். ஒருமுறைகூட நிற்கவில்லை. இப்போது அது அவளை மற்றவர்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தது. அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் முழு உண்மையாகாது.

நகம் திரும்பவும் உள்ளங்கையில் இறங்கவில்லை. விரல்கள் விரிந்தபடியே இருந்தன. ஆனால் திரையில் அழிந்த பிறகு அவை தனியாகிவிட்டதுபோல அவளுக்குத் தோன்றியது. கம்பெனியின் பக்கத்து ஷெட்டில் இருந்த கேமராக் கண்களுக்கு இன்னும் பழைய பாடம்தான் என்று பேச்சுவாக்கில் வினோத்குமார் சொல்லியிருந்தான். அங்கே இப்படிக் கை உள்ளவர் யாரும் இல்லாததால் அவசரம் இல்லை, மெதுவாக மாற்றுவார்கள் என்றான். டீ நேரத்தில் சுகிர்தா அந்தப் பக்கம் போக ஆரம்பித்தாள். அங்கே வேலை செய்த பெண்ணிடம் நலம் விசாரிப்பாள். பேசிக்கொண்டே இடது கையை மஞ்சள் கோட்டுக்கு வெளியே வைப்பாள். பிரஸ் புஸ்ஸென்று நிற்கும். அந்தப் பெண் மிஷினைத் திட்டுவாள். சுகிர்தா கையை எடுத்துக்கொண்டு திரும்பி வருவாள். அங்கே விரல்கள் இன்னும் இருக்கின்றன.

ஒருநாள் போனாள், கையை வைத்தாள், பிரஸ் நிற்காமல் இறங்கியது. எப்போதும்போல இறங்கி எப்போதும்போல ஏறியது. அவள் கை கோட்டுக்கு வெளியேதான் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டைக்குள் எதுவோ நசுங்கினதுபோல அவள் அலறிவிட்டாள். அந்தப் பெண் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். கன்னியப்பன் ஓடிவந்து அவளைத் தாங்கி வெளியே கூட்டிப்போய் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்தார்.

"நேத்துதாம்மா இங்கயும் மாத்திட்டுப் போனாங்க" என்றார். "உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"பரவாயில்ல அண்ணா" என்றாள்.  அதற்குப் பிறகு அவள் அந்த ஷெட்டுக்குப் போகவில்லை.

விரல்கள் அவளிடம் இருந்தன. ஆனால் குட்டையாகிக்கொண்டு வந்தன. நுனி ஒவ்வொரு வாரமும் தழும்பை நோக்கிக் கொஞ்சம் நகர்வதுபோல இருந்தது. மகளுக்கு போனில் சொன்னபோது, அப்படி ஆவதுண்டு என்று கிளாஸில் ஒரு டீச்சர் சொல்லியிருப்பதாகவும், பயப்பட வேண்டாம் என்றும் மகள் சொன்னாள். வீட்டில் பயப்படாமல் இதை நம்பின முதல் ஆள் அவள்தான். அந்தப் பேச்சைப் பீட்டர் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சுகிர்தா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பீட்டர் அருகில் வந்து குந்தினான். மீனைப் பார்த்தபடியே கேட்டான்:

"இப்போ எங்க கீது?"

"எது?"

"வெரலு."

அவள் கையை அலசித் துடைத்து நீட்டினாள். பூசின சுவர் காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்க்கும் பதத்தில் அவன் ஒரு விரலைக் காற்றில் நீட்டினான். 

"அங்க இல்ல. இன்னும் கிட்ட."

நகர்த்தினான்.

"இன்னும் கொஞ்சம். தோ, இங்க."

அவன் விரல் அங்கேயே நின்றது. ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கையை அவன் தொடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"வலிக்குதா?"

"இல்ல."

பிறகு அவ்வப்போது கேட்பான். சில சமயம் வேலை முடிந்து, சிமெண்ட் கையோடே வந்து கேட்பான். அவள் காட்டும் இடம் ஒவ்வொரு முறையும் கையை நெருங்கிக்கொண்டே வந்தது. கிறிஸ்துமஸுக்குத் துணி எடுக்கப் போன அன்று அவன் கேட்டபோது, தழும்புக்கும் அவன் விரலுக்கும் நடுவே ஓர் அரிசி அகலந்தான் இருந்தது. இருவரும் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டார்கள். அடுத்த முறை அதுவும் இருக்காது என்று இருவருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு பீட்டர் கேட்கவில்லை. அவளும் தானாகச் சொல்லவில்லை.